வங்கியில் வீடு தீர்ந்துவிட்டால்

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பல, பகடை உருட்டி நிலம் வாங்கி, வீடு கட்டி, வாடகை பெறும் மோனோபொலி என்ற பலகை விளையாட்டின் மின்னியல் வடிவத்தைப் பற்றியவை. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வாசகி, ஈசூன்): எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக அட்டைப் பலகையில் மோனோபொலி ஆடுகிறோம். வரியும் அபராதமும் பலகையின் நடுவே சேரும். இலவச வாகன நிறுத்தக் கட்டத்தில் வந்து நிற்பவர் அதை அள்ளிக்கொள்வார். இப்போது மகன் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பதிப்பில் அந்தப் பணம் கிடைப்பதில்லை. நான் வேண்டாம் என்று விட்ட நிலத்தையும் அது உடனே ஏலத்துக்குக் கொண்டுபோகிறது. கணினி விதிகளை மாற்றிவிட்டதா?

பதில்: இல்லை அம்மா, விதிகளை மாற்றியவர்கள் நாம்தான். அச்சிட்ட விதித்தாளின்படி அந்தக் கட்டம் வெறும் இளைப்பாறும் இடம். வரிப்பணம் வங்கிக்குத்தான் போக வேண்டும். ஏலமும் விதித்தாளில் உள்ளதுதான். ஒருவர் தாம் நிற்கும் நிலத்தைக் குறித்த விலைக்கு வாங்க மறுத்தால், வங்கி அதை அப்போதே ஏலம் விட வேண்டும். மறுத்தவரும் ஏலம் கேட்கலாம். பெரும்பாலான குடும்பங்கள் இந்த விதியைப் படிக்காமலே தலைமுறை தலைமுறையாக ஆடி வந்துள்ளன.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ஒவ்வொருவரும் 1,500 வைத்துக்கொண்டு தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் 200 பெறும் விளையாட்டில், வங்கிக்குத் திரும்ப வேண்டிய பணத்தை மறுபடியும் ஆடுவோர் கையிலேயே கொடுத்தால், தோற்க வேண்டியவர் தோற்காமல் இழுத்துக்கொண்டே போவார். குழந்தைகள் தூங்கி விழும் வரை ஆட்டம் முடியாது. ஏலமும் இல்லையென்றால் பலகையில் உள்ள 28 சொத்துகளும் விலைபோகவே பல சுற்றுகள் ஆகும். மாறாக, மற்றவர்கள் கையில் காசில்லாத நேரம் பார்த்து, 300 மதிப்புள்ள நிலத்தை 140-க்கு ஏலத்தில் எடுப்பதில் உள்ள கணக்கும் துணிவும் இவ்விளையாட்டின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. பல மின்னியல் பதிப்புகளில் குடும்பங்கள் தாமே வகுத்த விதிகளைச் சேர்ப்பதற்கென்றே ஓர் அமைப்புப் பக்கம் இருக்கிறது. பழைய வழக்கத்தை நீங்கள் அங்கே மீட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதமாவது அசல் விதிகளோடு ஆடிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (வாசகர், தெம்பனிஸ்): என்னிடம் மூன்று பச்சை நிலங்களும் கைநிறையப் பணமும் இருந்தும், வீடு கட்டும் பொத்தான் மங்கலாகவே கிடந்தது. எதிரே ஆடிய என் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். இது மென்பொருள் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை, உங்கள் தம்பி மிக நன்றாக ஆடியிருக்கிறார். வங்கியிடம் உள்ளவை 32 வீடுகளும் 12 விடுதிகளும் மட்டுமே. அவை தீர்ந்துவிட்டால், எவ்வளவு பணம் இருந்தாலும் கட்ட முடியாது. மேசையில் ஆடும்போது சிறு வீடுகளின் குவியல் கரைவதைக் கண்ணால் காண்கிறோம். திரையில் அது பெரும்பாலும் நம் கவனத்துக்கு வருவதில்லை. அதனால்தான் இந்த ஐயம் அட்டைப் பலகை ஆடுவோரைவிட உங்களைப் போன்றோருக்கு அதிகம் எழுகிறது.

பழுப்பு நிலங்கள் இரண்டு, இளநீலம் மூன்று, செம்மஞ்சள் மூன்று ஆகிய எட்டிலும் தலா நான்கு வீடு கட்டிவிட்டால் 32-ம் முடிந்துபோகும். முதல் இரு நிறங்களிலும் ஒரு வீட்டின் விலை 50 என்பதால், அங்கே 20 வீடுகளை எழுப்ப 1,000 போதும். உங்கள் பச்சை நிலத்திலோ ஒரு வீட்டுக்கே 200 ஆகும். விடுதியாக உயர்த்தினால் நான்கு வீடுகள் வங்கிக்குத் திரும்பி உங்களுக்குக் கிடைத்துவிடும் என்பதால், உங்கள் தம்பி வேண்டுமென்றே நான்கோடு நிறுத்தியிருப்பார். அடுத்த முறை மூன்றாவது வீட்டை விரைவில் எட்டப் பாருங்கள். செம்மஞ்சளில் 180 விலையுள்ள நிலத்துக்கு இரண்டு வீட்டில் 200 ஆக இருக்கும் வாடகை, மூன்றாவது வீட்டில் 550-க்குத் தாவுகிறது. எஞ்சிய வீடுகளை ஒரே நேரத்தில் பலர் கேட்டால் அவற்றையும் வங்கி ஏலம் விட வேண்டும் என்பதே விதி.

கேள்வி (வாசகர், பிடோக்): கணினியை எதிர்த்து ஆடும்போதெல்லாம் என் காய் அதன் செம்மஞ்சள் நிலங்களிலேயே போய் விழுகிறது. பகடை நேர்மையானதுதானா?

பதில்: உண்மையான பகடையை உருட்டினாலும் உங்களுக்கு இப்படித்தான் நேரும். ‘சிறைக்குச் செல்’ என்ற கட்டம், அட்டைகள், தொடர்ந்து மூன்று முறை விழும் இரட்டை எண்கள் என்று பல வழிகள் காய்களைச் சிறைக்கு அனுப்புவதால், ஆடுவோர் அடிக்கடி புறப்படும் இடம் சிறையாகிவிடுகிறது. அங்கிருந்து செம்மஞ்சள் நிலங்கள் 6, 8, 9 ஆகிய எண்களின் தொலைவில் இருக்கின்றன. இரு பகடைகளில் விழக்கூடிய 36 சேர்க்கைகளில் அந்த மூன்று எண்களுக்கும் உரியவை 14. அதாவது, அபராதம் கட்டி வெளியே வந்து உருட்டும் முதல் வீச்சிலேயே ஐந்துக்கு ஏறத்தாழ இரண்டு முறை அங்கே விழுவோம். ஐயம் தீரவில்லையென்றால் 180 வீச்சுகளைத் தாளில் குறித்து வையுங்கள். அவற்றுள் 7 ஏறக்குறைய 30 முறை வர வேண்டும். சற்று முன்பின் இருப்பது இயல்பே.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, தோ பாயோ): இவ்விளையாட்டை உருவாக்கியவர் ஒரு பெண் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். அமெரிக்கரான எலிசபெத் மேகி, நிலக்கிழாரின் பெயரைத் தாங்கிய ஒரு பலகை விளையாட்டுக்கு 1904-இல் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் வாடகை கொடுப்போர் எப்படி நலிகிறார்கள் என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். மக்கள் அதைத் தம் கையாலேயே பலகை வரைந்து ஆடினர்; அட்லாண்டிக் சிட்டியில் ஆடியவர்கள் தம் ஊர்த் தெருக்களின் பெயர்களை இட்டனர். அவ்வழியே அதைக் கற்ற சார்லஸ் டாரோ தம் படைப்பாக விற்க, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935-இல் மோனோபொலியை வெளியிட்டது. மேகியின் காப்புரிமைக்குக் கிடைத்தது வெறும் 500 டாலர். சிங்கப்பூரில் 99 ஆண்டுக் குத்தகையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கும் நம் பிள்ளைகளுக்கு, நிலத்தின் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்ற அவருடைய கேள்வி எளிதில் புரியும். ஆசிரியையான நீங்கள் அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி (தந்தை, செங்காங்): பத்து வயது மகள் பேரம் பேசக் கற்றுக்கொள்வாள் என்று எண்ணி, கைப்பேசியில் மோனோபொலி கோ விளையாட அனுமதித்தேன். அவள் பகடை வாங்கப் பணம் கேட்கிறாள். என்ன செய்வது?

பதில்: 2023-இல் வெளிவந்த அந்த விளையாட்டில் நிலத்தை ஏலம் கேட்பதும் மற்றவரோடு மாற்றிக்கொள்வதும் இல்லை, நீங்கள் எதிர்பார்த்தது அதில் கிடைக்காது. பகடை வீச்சுகள் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது உண்மைப் பணம் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் பொருள் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.

பிறகு, பழைய பலகையைப் பின்பற்றும் பதிப்பொன்றை வாங்கி, ஒரே கருவியைக் கைமாற்றிக்கொண்டு மூவராக ஆடுங்கள். பரிமாற்றப் பொத்தானை அழுத்துமுன் வாயால் பேசித் தீர்ப்பது என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவளிடம் இரண்டு செம்மஞ்சள் நிலங்களும் ஓர் இளநீலமும் இருந்து, மூன்றாவது செம்மஞ்சளும் மற்ற இரண்டு இளநீலங்களும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் இருவர் கையிலும் ஒரு நிறம் நிறையும். ஆனால் செம்மஞ்சளே அதிகம் ஈட்டும். அதற்கு ஈடாக நீங்கள் எவ்வளவு ரொக்கம் கேட்க வேண்டும், அவள் எவ்வளவு கொடுக்கச் சம்மதிக்கலாம் என்று அவள் தாயையும் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள்.