வெள்ளிக்கு உரிய நாள்

கேள்வி: வெள்ளிக்கிழமைக்கு அப்பெயர் வந்தது எவ்வாறு? வெள்ளி என்னும் உலோகத்துக்கும் அந்த நாளுக்கும் தொடர்பு உண்டா? ஏழு கிழமைகளையும் உலகுக்கு வகுத்துத் தந்தவன் தமிழனே என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மைதானா?
— வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: உலோகத்துக்கும் நாளுக்கும் உள்ள தொடர்பு, இரண்டும் வெண்மை குறித்த ஒரே அடிச்சொல்லிலிருந்து பெயர் பெற்றன என்பதோடு முடிந்துவிடுகிறது. கதிரவனும் நிலவும் நீங்கலாக, வானில் மிகுந்த ஒளியுடையதாகத் தோன்றும் கோள் வெள்ளி. பட்டினப்பாலை அதனை ‘வெண்மீன்’ என்கிறது. அது தெற்கே சென்றால் மழை பொய்க்கும் என்று அக்காலத்தார் நம்பினர். அப்படிச் சென்றாலும் பெயல் பிழைக்காத நாடு பாரியுடையது என்று கபிலர் பாடியது புறநானூற்றில் 117ஆம் பாட்டாக உள்ளது. ஆண்டாள் ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’ என்றதும் கோள்களைப் பற்றியே. வியாழக்கிழமை கழிந்து வெள்ளிக்கிழமை பிறந்ததைப் பற்றி அன்று. கிழமை என்பது உரிமை. ஆகவே வெள்ளிக்கு உரிய நாள் வெள்ளிக்கிழமை. நகைக்கடைக்காரர்கள் இதற்கு வேறு விளக்கம் தந்தால், அதனை அவர்களுடைய விளம்பரச் செலவில் சேர்த்துக்கொள்க.

என்னை நிறுத்தியது ‘வகுத்து’ என்ற உங்கள் சொல். வகுத்தல் என்று வந்துவிட்டால் அது கணக்கு. கணக்குக்கு மேடைத் தமிழ் உதவாது. எனவே வகுத்தே பார்ப்போம்.

பழைய வானியலார், மெல்ல நகரும் கோள் முதல் விரைந்து நகரும் கோள் வரை வைத்த வரிசை இது: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவரச் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. திங்களுக்கு 27 நாளும் சிறிது பொழுதும் போதும். இந்த வரிசை கிழமைகளின் வரிசையாக இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளை 24 ஓரைகளாக்கி, ஒவ்வோர் ஓரையையும் இவ்வரிசைப்படியே ஒரு கோளின் ஆட்சியில் விட்டு, முதல் ஓரையை ஆளும் கோளின் பெயரையே அந்த நாளுக்கும் இட்டபோதுதான் கிழமைகள் பிறந்தன. வியாழக்கிழமையின் முதல் ஓரை வியாழனுடையது. ஏழேழாக மூன்று சுற்று முடிந்து 22ஆம் ஓரை மீண்டும் வியாழனிடம் வரும். 23ஆவது செவ்வாய்க்கு, 24ஆவது ஞாயிற்றுக்கு. மறுநாள் விடியும்போது முதல் ஓரை வெள்ளியின் கையில் இருக்கும். 24ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3; அந்த மீதிதான் வாரத்தின் வரிசையை ஆக்கியது. 499ஆம் ஆண்டில் 23 வயதினராயிருந்த ஆரியபடர், விரைவின் வரிசையில் நான்காவதாக வரும் கோளே அடுத்த நாளுக்குத் தலைவன் என்று இதனைத் தம் நூலில் சூத்திரமாகவே சொல்லியிருக்கிறார்.

இப்போது நம் பழைய கணக்குக்கு வருவோம். தமிழரும் இந்நாட்டின் பிறரும் நாளை 24ஆகப் பகுக்கவில்லை. 60 நாழிகையாகவே பகுத்தனர். அந்த 60ஐ அதே ஏழு கோள்களுக்கு அதே வரிசையில் பங்கிட்டால் மீதி 4. சனிக்கிழமையின் முதல் நாழிகை சனியுடையதானால், 57ஆம் நாழிகை மீண்டும் சனிக்கு வந்து, வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று நாள் முடியும். மறுநாளின் முதல் நாழிகை வெள்ளிக்குப் போகும். அதாவது சனிக்கு மறுநாள் வெள்ளி, வெள்ளிக்கு மறுநாள் வியாழன், பிறகு புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு என்று வாரம் முழுவதும் பின்னோக்கியே நடக்கும்! திங்களன்று அரைமனத்தோடு அலுவலகம் சென்றவருக்கு மறுநாளே ஞாயிறு வாய்க்கும் என்பதால் ஊழியர் சங்கங்கள் இதனை வரவேற்கக்கூடும். ஆனால், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நினைத்துக்கொண்டு படுத்தவர், அதற்கு ஆறு நாள் காத்திருக்க நேரும். அவருடைய வீட்டார் அதுவரை தாங்குவார்களா என்பது பஞ்சாங்கத்தில் அடங்காத கேள்வி.

நல்லவேளையாக வாரம் முன்னோக்கியே நடக்கிறது. ஆகையால் அது நாழிகையில் பிறந்ததன்று. நாளை 24ஆகப் பகுத்தவர்கள் எகிப்தியர்; கோள்களின் போக்கை நெடுங்காலம் குறித்துவைத்தவர்கள் பாபிலோனியர்; இவ்விரு கணக்குகளையும் இணைத்தது எகிப்தில் தழைத்த கிரேக்கச் சோதிடம். 79ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்துச் சுவரில் கிழமைத் தெய்வங்களின் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் கிழமை குறித்த மிகப் பழைய கல்வெட்டு எனப்படுவது, மத்தியப் பிரதேசத்து ஏரண் என்னும் ஊரில், குப்த மன்னன் புத்தகுப்தன் காலத்தில், 484ஆம் ஆண்டு வெட்டப்பட்டது. அதில் உள்ளது வியாழக்கிழமை. ஓரை என்ற சொல்லே கிரேக்கத்தின் வழி வந்தது என்று எழுதியதற்காகவும், அது தொல்காப்பியத்தில் இருப்பதைக் கொண்டு அந்நூலின் காலத்தைக் கீழே இறக்கியதற்காகவும் தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை வாங்கிக்கட்டிக்கொண்ட வசவுகள் கொஞ்சமல்ல. வைதவர்களுள் எத்தனை பேர் 24ஐ 7ஆல் வகுத்துப் பார்த்தார்கள் என்பது என் பழைய சந்தேகம். கோள்களுக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், வெள்ளி என்று அழகிய பெயர் இட்டவர்கள் நாமே. அந்தப் பெருமையை எவரும் பறிக்கவில்லை. அவற்றை நாளின் மேல் ஏற்றிய கணக்குத்தான் இரவல்.

இரவல் வந்து சேர்ந்ததன் தடம் சிலப்பதிகாரத்திலேயே தெரிகிறது. கண்ணகியின் திருமணத்துக்கு நாள் குறிக்கும் இடத்தில் திங்கள் உரோகிணியைச் சேர்ந்தது என்பது மட்டுமே உண்டு, கிழமை இல்லை. மதுரை எரிந்த நாளைச் சொல்லும் கட்டுரை காதையிலோ, ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை விண்மீன் ஆகியவற்றுடன் ‘வெள்ளி வாரத்து’ என்று கிழமையும் வந்துவிடுகிறது. சென்னைச் சட்டமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்த எல்.டி. சாமிக்கண்ணுப்பிள்ளை இக்குறிப்புகளைக் கணித்து 756ஆம் ஆண்டு என்றார். இத்தகைய சேர்க்கை வேறு ஆண்டுகளிலும் வரக்கூடியது என்பதால் அந்த ஆண்டை நான் ஏற்கவில்லை. ஆனால், அவரைக் கண்டித்துக் காவியத்தை இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்துவோர், கல்வெட்டுகளில் அத்தனை காலம் தலைகாட்டாத கிழமை மதுரைக்கு மட்டும் முந்தி வந்தது எவ்வாறு என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவ்வரிகள் இடைச்செருகல் எனலாம். அப்போது சாமிக்கண்ணுப்பிள்ளையின் 756 பிடிமானமின்றிப் போகும். மூலத்தவை எனலாம், அப்போது இரண்டாம் நூற்றாண்டு ஆட்டங்காணும். வரிகளும் மூலம், காலமும் இரண்டாம் நூற்றாண்டு, கிழமையும் தமிழன் கண்டது என்று மூன்றையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வோர் இப்பக்கத்துக்கு நீண்ட கடிதங்கள் எழுதுவதுண்டு. கணக்குப் போட்டுக் காட்டினால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.