வித் கவுண்டியில் 1774-ஆம் ஆண்டுப் பத்திரம் ஏன் கிடைக்காது?

கேள்வி: "என் மருமகன் அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் 1774-இல் வர்ஜீனியா மாநிலம் வித் கவுண்டியில், ரீட் கிரீக் ஓடைப் பக்கம் நிலம் வாங்கினார் என்று அவர்கள் வீட்டுக் குறிப்பில் இருக்கிறது. வித் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டால் அப்படி ஒரு பதிவே இல்லை என்கிறார்கள். குறிப்பு பொய்யா?"

குறிப்பு மெய்யாகவே இருக்கலாம். ஆனால் 1774-இல் வித் என்று ஒரு கவுண்டியே (நம் மாவட்டம் மாதிரி; நிலப் பத்திரங்கள் அதன் நீதிமன்றத்தில் பதிவாகும்) கிடையாது. அது செயல்படத் தொடங்கியது 1790-இல். நீதிமன்றக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவரிடம் இருக்கும் பதிவேடே அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது.

சார்பதிவாளர் அலுவலகம் பிரிந்த பிறகு, பழைய வில்லங்கச் சான்றுக்காகத் தாய் அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். புதுக் கவுண்டி பிரியும்போது நிலமும் ஆளும் புதுப் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். எழுதிய பதிவேடு பழைய கட்டடத்திலேயே கிடக்கும். குடும்பம் வீட்டை விட்டு நகராமலேயே ஆறு கவுண்டிகளில் வாழ்ந்திருக்கலாம். ரீட் கிரீக் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

அந்த ஓடைக்கரை 1734-இலிருந்து ஆரஞ்ச் கவுண்டியின் மேற்கு எல்லைக்குள். 1738-இல் அகஸ்டா பிரிந்தது. 1770-இல் பாட்டடாட், 1772-இல் ஃபின்காசில், 1777-இல் மான்ட்கமரி, 1790-இல் வித். அந்தப் பகுதியில் வெள்ளையர் குடியேற்றம் 1740களில்தான் தொடங்கியது என்பதால் ஆரஞ்சில் கிடைப்பது அரிது. மற்ற ஐந்தும் தேட வேண்டியவை.

உங்கள் 1774 விழுவது ஃபின்காசில் காலத்தில். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வரைபடத்தில் ஃபின்காசில் என்று தேடினால் ஓர் ஊர் வரும். அந்த ஊர் ஃபின்காசில் கவுண்டியில் இருந்ததே இல்லை. அது பாட்டடாட் கவுண்டியின் தலைநகர், இன்றும் அப்படியே. ஃபின்காசில் கவுண்டியின் நீதிமன்றம் கூடியது ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில், அதாவது இன்றைய வித் கவுண்டியின் ஆஸ்டின்வில் பக்கம். அந்தக் கவுண்டி நான்கே ஆண்டுதான் இருந்தது. 1776 முடிவில் அதைக் கலைத்து மான்ட்கமரி, வாஷிங்டன், கென்டக்கி என்று மூன்றாக்கினார்கள். அதன் பதிவேடுகள் மான்ட்கமரிக்குப் போயின. இன்று அவை இருக்குமிடம் கிறிஸ்டியன்ஸ்பர்க். நீங்கள் எழுத வேண்டிய முதல் இடமும் அதுவே.

கென்டக்கி என்ற பெயரைக் கண்டு மிரள வேண்டாம். இன்றைய கென்டக்கி மாநிலத்தின் பெரும்பகுதி அப்போது இந்த ஒரு கவுண்டிக்குள் அடக்கம். ஃபின்காசில் சர்வேயர் வில்லியம் பிரஸ்டன் அனுப்பிய ஆட்கள் 1774-இல் ஓஹையோ ஆற்றங்கரை வரை போய் நிலம் அளந்தார்கள். அதனால் இன்றைய லூயிவில் பக்கத்து நிலத்தின் தாய்ப்பத்திரத்திலும் ஃபின்காசில் என்று எழுதியிருக்கும். கென்டக்கி கவுண்டி 1780-இல் ஜெஃபர்சன், ஃபயட், லிங்கன் என்று மூன்றானது. 1792-இல் தனி மாநிலமானது.

இனி தேடும் முறை. முதலில் கவுண்டிப் பெயரை மறந்துவிட்டு ஓடையைப் பிடியுங்கள். எல்லைக்கோடு மாறும், கவுண்டிப் பெயர் மாறும், ஓடை பெரும்பாலும் மாறாது. பழைய பத்திரங்களில் 'ரீட் கிரீக்கின் நீர்ப்பரப்பில்' என்ற மாதிரி ஒரு சொற்றொடர் கட்டாயம் வரும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இடப்பெயர்த் தொகுப்பு இணையத்தில் இலவசம்; அதில் ஓடையின் பெயரைப் போட்டு இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் பல ஓடைகள் உண்டு. எந்த ஆற்றில் கலக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது நியூ ரிவரில் கலக்க வேண்டும்.

அடுத்து, சிகாகோவின் நியூபெரி நூலகம் உருவாக்கிய கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு. அதுவும் இலவசம். தேதி வாரியாக எல்லை எங்கே ஓடியது என்று காட்டும். 'எந்தக் கவுண்டி எதிலிருந்து பிரிந்தது' என்று ஒரு பக்க அட்டவணைகள் நிறையச் சுற்றுகின்றன. அவை தாய்-மகள் உறவை மட்டும் சொல்லும். பிறந்த பிறகு நடந்த சின்னச் சின்ன எல்லை மாற்றங்களைச் சொல்லாது. ஒரு பள்ளத்தாக்கை மட்டும் பக்கத்துக் கவுண்டிக்குக் கொடுத்த சட்டம் அட்டவணையில் வராது, தேதி வரைபடத்தில் வரும்.

சட்டம் இயற்றிய நாளும் நீதிமன்றம் திறந்த நாளும் ஒன்றல்ல. அகஸ்டாவுக்குச் சட்டம் 1738-இல் வந்தாலும் நீதிமன்றம் கூடியது 1745-இல்தான். இடையிலிருந்த ஏழு ஆண்டுப் பத்திரமும் வழக்கும் ஆரஞ்சில் இருக்கும். பிரிவினைச் சட்டத்தின் கடைசிப் பத்திகளைப் படிக்காமல் விடாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் பழைய நீதிமன்றத்திலேயே முடியட்டும், நிலுவை வரியைப் பழைய ஷெரிஃபே வசூலிக்கட்டும் என்று பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். ஆகவே பிரிந்து சில ஆண்டுகள் வரை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஹெனிங் தொகுத்த பழைய வர்ஜீனியா சட்டங்கள் 13 தொகுதிகள்; பாட்டடாட், ஃபின்காசில் சட்டங்கள் எட்டாவதிலும், ஃபின்காசிலைக் கலைத்த சட்டம் ஒன்பதாவதிலும் உள்ளன.

தேதி விஷயத்தில் இன்னொன்று. 1752-க்கு முன் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. பதிவேட்டில் பிப்ரவரி 1745 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1746. இதை விட்டுவிட்டு 'அப்பா இறந்த பிறகு பத்திரம் எழுதியிருக்கிறார், போலி' என்று தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு.

பத்திரம் எழுதிய தேதியையும் பதிவு செய்த தேதியையும் பிரித்துப் பாருங்கள். 1774-இல் கைமாறிய நிலத்தின் பத்திரத்தைப் பல ஆண்டு பெட்டிக்குள் வைத்திருந்து, விற்கும்போது பதிவு செய்வது சகஜம். அப்படியானால் அது மான்ட்கமரியிலோ வித்திலோகூட இருக்கலாம். விற்றவர் பெயர் வரிசை, வாங்கியவர் பெயர் வரிசை இரண்டையும் குறைந்தது 1810 வரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அது விலைக்கு வாங்கியதுதானா என்பதும் சந்தேகத்துக்குரியது. அந்த வட்டாரத்தில் லாயல் கம்பெனி என்ற நில நிறுவனத்துக்கு 1749-இல் எட்டு லட்சம் ஏக்கர் ஒதுக்கியிருந்தார்கள். கம்பெனியிடம் நிலம் எடுத்தவர்கள் கையில் பல காலம் சர்வே மட்டும்தான் இருந்தது, பட்டா இல்லை. அமெரிக்க விடுதலைப் போர் முடியும் தறுவாயில், 1781-82-இல் வாஷிங்டன், மான்ட்கமரி கவுண்டிகளுக்கு ஆணையர்கள் அமர்ந்து உரிமைச் சான்று கொடுத்தார்கள். எனவே 1774 என்பது சர்வே ஆண்டாகவும், பட்டா 1780களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பட்டா கொடுத்தது கவுண்டி இல்லை, மாநிலம். அதனால் கவுண்டி எத்தனை முறை பிரிந்தாலும் அந்தப் பதிவேடு சிதறாது. ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகம் நில அலுவலகப் பட்டாக்களின் படங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. சர்வேயில் ஒரு கவுண்டிப் பெயரும் பட்டாவில் வேறொன்றும் இருந்தால் பதற வேண்டாம், இடையில் கோடு மாறியிருக்கும்.

பட்டா கிடைத்தால் சக்குபந்தியை வரைந்து பாருங்கள். வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி இத்தனை பாகை, இத்தனை 'போல்' (pole என்ற நீள அளவு) என்று போகும். ஒரு போல் பதினாறரை அடி. 320 போல் ஒரு மைல், 160 சதுர போல் ஒரு ஏக்கர். பக்கத்து நிலக்காரர்களின் பட்டாவையும் வரைந்து ஒட்டினால் நிலம் எந்த மடிப்பில் இருந்தது என்று தெரிந்துவிடும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரே பெயரில் இருவர் இருக்கும்போது அவர்களைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

1782-இலிருந்து வர்ஜீனியாவில் ஆண்டுதோறும் வரிப்பட்டியல் உண்டு. நிலத்துக்குத் தனி, ஆட்களுக்கும் கால்நடைக்கும் தனி. பலர் இதில் தங்கள் ஆளின் பெயரை மட்டும் தேடிவிட்டு மூடிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஆண்டு ஆண்டாக எழுதி வையுங்கள். மான்ட்கமரி பட்டியலிலிருந்து அவர் மட்டும் மறைந்தால் இறந்திருக்கலாம், அல்லது கிளம்பியிருக்கலாம். ரீட் கிரீக்காரர்கள் கூண்டோடு மறைந்தால் மறைந்தது ஆட்கள் அல்ல, கோடு நகர்ந்திருக்கிறது. பட்டியலில் பெயர்கள் முதலெழுத்து வாரியாக இருந்தாலும், வரிக்காரர் வந்து போன தேதி பக்கத்தில் இருந்தால் ஒரே தேதிக்காரர்களைச் சேர்த்துப் பாருங்கள். அநேகமாக அவர்கள் ஒரே தெருக்காரர்கள் மாதிரி.

'1790 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் போதுமே' என்று பின்னூட்டத்தில் எழுதத் துடிப்பவர்களுக்கு: வர்ஜீனியாவின் 1790 கணக்கே மிஞ்சவில்லை. கென்டக்கியினதும் இல்லை. வர்ஜீனியா 1790 என்று அச்சிட்டு விற்பது 1782-85 மாநிலப் பட்டியல்களிலிருந்து தொகுத்தது.

திருமணப் பதிவு கிடைக்காவிட்டால் திருமணமே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1780 வரை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பாதிரியார் நடத்தியதுதான் சட்டப்படி செல்லும். எல்லைப்புறத்தில் இருந்தவர்களோ பெரும்பாலும் பிரஸ்பிடேரியன்கள், பாப்டிஸ்ட்கள் என்று வேறு சபைக்காரர்கள். பின்னால் வரும் திருமண உறுதிப் பத்திரங்களை மணமகன் எழுதிக்கொடுத்த இடம் பெரும்பாலும் பெண் வீட்டாரின் கவுண்டி. பத்திரம் எழுதியதால் திருமணம் நடந்தது என்றும் ஆகாது.

நீதிமன்றம் எரிந்துபோயிருந்தால்? உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் பக்கிங்ஹாம் கவுண்டிக்காரர்களுக்கு உண்டு; 1869-இல் எரிந்தது. அப்போது ரிச்மண்டுக்குப் போன பிரதிகள்தான் கதி: வரிப்பட்டியல், பட்டா, சட்டமன்றத்துக்குப் போட்ட மனுக்கள். 'நீதிமன்றம் தொலைவு, இடையில் மலையும் ஆறும், தனிக் கவுண்டி வேண்டும்' என்ற மனுக்களின் அடியில் வட்டாரத்து ஆண்களின் கையெழுத்து வரிசையாக இருக்கும். வாரிசு வழக்குகளையும் விடாதீர்கள். 1802-க்குப் பிறகு மேற்குப் பகுதியின் சான்சரி வழக்குகள் (வாரிசு, சொத்துத் தகராறுகள் இதில் சேரும்) அகஸ்டாவின் தலைநகரான ஸ்டான்டனுக்குப் போயின. சாட்சி சொன்ன கிழவர் ஐம்பது ஆண்டுக்கு முன் யார் எங்கே குடியிருந்தார் என்று ஒப்பித்திருப்பார்.

இதைவிடக் குழப்பமான இடமும் உண்டு. பிட்ஸ்பர்க் பக்கத்தை வர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் ஒரே காலத்தில் சொந்தம் கொண்டாடின. 1775-இல் அகஸ்டா நீதிமன்றம் அங்கேயே போய்க் கூடியது. 1776-இல் யோஹோகேனியா என்றொரு கவுண்டியை வர்ஜீனியா உண்டாக்கி, எல்லை தீர்ந்ததும் 1786-இல் கைவிட்டது. அதே நிலத்தைப் பென்சில்வேனியா 1773 முதல் வெஸ்ட்மோர்லாந்து என்றது. அங்கே இரண்டு மாநிலத்திலும் தேட வேண்டும்.

ஒரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. இணையக் குடும்ப மரங்களில் '1755, வித் கவுண்டி, அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்று ஒருவர் போடுவார், நூறு பேர் நகலெடுப்பார்கள். அதோடு நிற்காமல் குடும்பச் சின்னம் என்று கேடயம் சிங்கம் போட்ட கோப்பையும் வாங்குவார்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் தனி ஆளுக்குத் தந்தது. அதே குடும்பப்பெயர் கொண்ட எல்லோருக்கும் சொத்து அல்ல. உங்கள் மருமகன் வீட்டில் அது சுவரில் மாட்டியிருந்தால் நான் எதுவும் சொல்லவில்லை.

கிறிஸ்டியன்ஸ்பர்க்குக்கு எழுதும்போது 'என் மருமகனின் முன்னோர் பற்றி எல்லாம் அனுப்புங்கள்' என்று எழுதினால் பதில் வராது. ஃபின்காசில் கவுண்டியின் 1773 முதல் 1776 வரையிலான பத்திர, சர்வே பதிவேடுகளின் பெயர் வரிசையில் இந்தக் குடும்பப்பெயர் இருக்கிறதா, இருந்தால் பக்க எண் என்ன, நகலுக்கு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாக எழுதிக் கொடுங்கள். அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடிதான் எழுதினார். அங்கே இல்லையென்றால் 1770-72-க்குப் பாட்டடாட், அதற்கு முன்னால் ஸ்டான்டன். இவற்றில் பலவற்றின் மைக்ரோஃபிலிம் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் இருக்கின்றன. வழக்கமான பெயர் தேடும் பெட்டியில் பலவும் வராது. அப்போது அட்டவணைப் பகுதியில் ஊர்ப்பெயர் வழியாகப் போய், பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.