அப்பாவுக்கு போன் வாங்கிக் கொடுத்தாயிற்று, அப்புறம்?

(வீட்டுப் பெரியவர்களும் செல்போனும் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எழுதுபவர், பாளையங்கோட்டையில் பென்ஷன் கவுண்டரில் நீண்ட காலம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்.)

அப்பாவுக்கு 74 வயது. பொதுப்பணித் துறையில் இருந்தவர். நல்ல ஸ்மார்ட்போனாக வாங்கி, ஜிபேயும் போட்டுக் கொடுத்தேன். தொடவே மாட்டேன் என்கிறார். போன் பீரோவில் தூங்குகிறது, அவர் வெயிலில் பேங்க்குக்கு நடக்கிறார். எப்படிப் பழக்குவது?
– ச.மு., திண்டுக்கல்

அப்பா பணம் எடுக்க மட்டும்தான் பேங்க்குக்குப் போகிறார் என்று யார் சொன்னது? மாதம் பிறந்ததும் எங்கள் கவுண்டருக்கு வந்த பெரியவர்களில் பலருக்கு அன்றைக்கே பணம் தேவைப்பட்டதில்லை. பாஸ்புக்கை நீட்டுவார்கள். அதில் வரி அச்சாகி விழுந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடைசி எண்ணை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு வாசலில், கூட வேலை பார்த்தவர்களோடு அகவிலைப்படி எப்போது ஏறும் என்று பேச்சு. அது முடிந்து காபி. ஜிபேயில் இதெல்லாம் கிடையாது. அந்த நடையை நிறுத்துவதற்காக போனைக் கொடுத்தால் அவர் பீரோவில்தான் வைப்பார். வெயில்தான் கவலை என்றால் ஒரு ஆட்டோவுக்குச் சொல்லிவிடுங்கள். நடக்கவே முடியாமல் போனால், 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டு வாசலிலேயே பணம் கொடுக்கல் வாங்கல் செய்ய ஏற்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளையில் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஜிபே உங்களுக்கு வேண்டியது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? பொதுப்பணித் துறைக்காரர் என்கிறீர்கள். வைகை அணையில் 71 அடிக்கு இன்று எத்தனை அடி நிற்கிறது, பெரியாறில் நீர்வரத்து எவ்வளவு என்று காலையில் போனில் பார்க்கலாம் என்று காட்டுங்கள். பீரோ தானாகத் திறக்கும்.

இன்னொன்று, அவர் விரலைக் கவனியுங்கள். வயதானால் விரல் நுனி காய்ந்துபோகும். இந்தத் தொடுதிரை, தோலில் இருக்கும் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்வது. காய்ந்த விரலை அது சில நேரம் கண்டுகொள்ளாது. உடனே அவர் என்ன செய்வார்? காலிங் பெல் மாதிரி அழுத்திப் பிடிப்பார். போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு 'நீக்கவா?' என்று ஒரு பட்டியலை நீட்டும். எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதறிக் கீழே வைத்துவிடுவார். நீங்கள் வந்து 'என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க' என்பீர்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ஆக்ஸசபிலிட்டி என்ற பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக வைக்க வழி இருக்கிறது. அதை மாற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், அவர் தொடாத ஆப் ஐகான்களை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பணம் கடைசியில்தான். பென்ஷன் வரும் கணக்கை யுபிஐயில் சேர்க்கவே வேண்டாம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் இரண்டாயிரமோ மூவாயிரமோ. அதை மட்டும் இணைத்துக் கொடுங்கள். போனாலும் இவ்வளவுதான் போகும் என்று தெரிந்தால் கை நடுங்காது. உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவு செய்ய 2024-ல் யுபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதி வந்திருக்கிறது, மாதம் 15,000 வரை போகலாம். நல்ல வசதிதான். ஆனால் அரசாங்க பென்ஷன் வாங்குகிற மனுஷர் மகன் காசில் கத்தரிக்காய் வாங்கச் சம்மதிப்பாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மா பீடி சுற்றியவர். பி.எஃப். பென்ஷன் வருகிறது. உயிர்வாழ் சான்றுக்குப் போனால் விரல் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று இடம் அலைந்தாயிற்று.
– ரா.செ., தென்காசி

இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி மடக்கியே ரேகை தேய்ந்துபோன விரல்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியில் துடைத்து, வேறு விரல் வைத்து, எல்லாம் செய்து பார்த்தும் கருவி சிவப்பு விளக்கையே காட்டும். குறைந்தபட்சம் என்று நிர்ணயித்ததே மாதம் ஆயிரம் ரூபாய். அதற்கு மூன்று அலைச்சல்!

இனி விரலே வேண்டாம். 2021-லிருந்து முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுக்கலாம். உங்கள் போனிலேயே செய்யலாம், அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை. ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு ஆப்களையும் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். முதலில் உங்கள் முகம், அதாவது சான்று எடுத்துக் கொடுப்பவர் முகம் பதிவாகும். அப்புறம் அம்மாவின் ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவில் இருக்கும் எண்), வங்கிக் கணக்கு எண் எல்லாம் கொடுத்து அவர் முகத்தைக் காட்ட வேண்டும். ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள், முகத்தில் வெளிச்சம் விழட்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். முடிந்தால் எஸ்எம்எஸ் வரும், அதில் இருக்கும் சான்று எண்ணை ஒரு தாளில் எழுதி பாஸ்புக்கில் வையுங்கள். சரிவரவில்லை என்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து எடுத்துத் தரும் சேவை அஞ்சல் துறைக்கு உண்டு.

நவம்பருக்குள் கொடுக்காவிட்டால் நின்றுவிடும் என்று பயப்படவும் வேண்டாம். பி.எஃப். பென்ஷனுக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

போலீஸ் சீருடையில் ஒருவன் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டியதில் அப்பா டெபாசிட்டை உடைத்து அனுப்பிவிட்டார். எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டால் வாயே திறப்பதில்லை. போனைப் பிடுங்கிவிடலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

வேண்டாம் தம்பி. பணம் போன நாளைவிட எனக்கு அந்த மூன்று வாரம்தான் உறுத்துகிறது. அவன் 'யாரிடமும் சொல்லாதே' என்றது முதல் நாள். பிறகும் அப்பா வாயை மூடியிருந்தது யாருக்குப் பயந்து? உங்களுக்குப் பயந்துதான். ஓடிபி கேட்டு வந்த போனில் ஏமாந்து, அழுதுகொண்டே கவுண்டருக்கு வந்த பெரியவர்கள் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் 'மகனுக்குத் தெரிய வேண்டாம்மா' என்பார்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. திட்டு விழும் வீட்டில் அந்த போன் போவதே இல்லை.

இப்போதும் புகார் கொடுங்கள், 1930-லோ சைபர் கிரைம் இணையதளத்திலோ. புகார் எண்ணோடு வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். பணம் முழுதாகத் திரும்பும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். யுபிஐ, நெட் பேங்கிங் இரண்டிலும் ஒரு நாள் உச்சவரம்பைக் குறைத்துவிடுங்கள். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது, எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது செய்வதில்லை என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், ஆனால் இந்த வாரம் சொல்லாதீர்கள். படித்தவர்கள், அதிகாரிகள் எல்லாம் இதில் விழுந்திருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். போனைப் பிடுங்கினால், வீட்டிலும் அரெஸ்ட் ஆகிவிட்டார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

எனக்கு 69 வயது. ஏதாவது சந்தேகம் கேட்டால் மகன் போனை வாங்கி நாலு தட்டு தட்டி, 'சரியாயிடுச்சு' என்று திருப்பித் தருகிறான். நான் எப்போது கற்றுக்கொள்வது?
– ஒரு அம்மா, நாகர்கோவில்

போனைக் கொடுக்காதீர்கள். 'என் கையிலேயே இருக்கட்டும், நீ வாயால் சொல்லு' என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் அவனுக்குப் பொறுமை போய்விடும், அது அவன் பாடு. ஒவ்வொரு படியையும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் உங்கள் பாஷையில் எழுதுங்கள், 'பச்சைப் பொட்டி, மேலே மூணு புள்ளி, ரெண்டாவது வரி' என்று. அப்டேட் வந்து புள்ளி இடம் மாறினால் மறுபடி கேளுங்கள். பேரனோ பேத்தியோ பத்து வயதுக்கு மேல் இருந்தால் மகனை விட்டுவிட்டு அங்கே போங்கள். அவர்களுக்கு அவசரம் கிடையாது, ஒரு முறுக்கு கொடுத்தால் போதும்.