ஆல் இங்கிலாந்து பேட்மிண்டனில் 1900 முதல் 1910 வரை பெண்கள் ஒற்றையர் பட்டங்களை வென்றவர்கள் யார்?

இரண்டே பேர்தான்! 1899-ல் லண்டனில் தொடங்கிய இந்தப் போட்டியில் முதல் ஆண்டு இரட்டையர் ஆட்டங்கள் மட்டுமே நடந்தன. ஒற்றையர் 1900-ல்தான் வந்தது. அந்தப் பதினோரு பட்டங்களையும் எத்தல் தாம்சனும் மூரியல் லூகாஸும் பங்குபோட்டுக்கொண்டார்கள். தாம்சனுக்கு ஐந்து: 1900, 1901, 1903, 1904, 1906. லூகாஸுக்கு ஆறு: 1902, 1905, அப்புறம் 1907 தொடங்கி வரிசையாக நான்கு.

லூகாஸ் ஒன்று கூடுதலாக வென்றிருந்தாலும் என்னைப் பிரமிக்க வைப்பவர் தாம்சன்தான். திருமணமாகி எத்தல் லார்கோம் ஆன பிறகு, 1912-ல் விம்பிள்டன் டென்னிஸில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தையும் வென்றார். இறகுப்பந்துக்கு மணிக்கட்டின் சுழற்சி வேண்டும், டென்னிஸுக்குத் தோளின் பலம் வேண்டும். இரண்டும் ஒரே கையில் கூடிவருவது அபூர்வம்.