புரோக்கர் காட்டும் 'பாண்டி வீடு' எந்த மாநிலத்தில் இருக்கிறது?

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கணவருக்குப் புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு எட்டு மாதம். கோரிமேடு தாண்டி ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வாடகை குறைவுதான், ஆனால் அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்கிறார்கள். ஆதார், ரேஷன் கார்டு, புதுச்சேரி குடியிருப்புச் சான்று எல்லாவற்றையும் எட்டாயிரம் ரூபாய்க்குத் தானே முடித்துத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. எட்டாயிரமும் வேண்டாம், அந்த ஒரு லட்சமும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கடலூரிலிருந்து வரும்போது ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை வந்தால் புதுச்சேரி என்று பஸ்ஸில் வருகிற எல்லாருக்கும் தெரியும். வடக்குப் பக்கம் அப்படித் தெளிவாக இருக்காது. கோரிமேடு புதுச்சேரி. அதைத் தாண்டியதும் பட்டானூர், அது விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம். கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, இன்னும் மேலே போனால் காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. உங்கள் கணவர் வேலைக்குப் போகப்போகிற சேதராப்பட்டே, சுற்றிலும் தமிழ்நாட்டு ஊர்கள் இருக்க நடுவில் தனியாகக் கிடக்கிற புதுச்சேரி ஊர்தான். புரோக்கருக்கு எல்லாமே 'பாண்டி'. "கோரிமேடு தாண்டி" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வீடு பட்டானூர் பக்கம் இருந்தால், புதுச்சேரி தாசில்தார் யாரும் அந்த முகவரிக்குக் குடியிருப்புச் சான்று தரமுடியாது. பிறகு எதற்கு அந்த எட்டாயிரம்?

பின்கோடை வைத்து முடிவு செய்யாதீர்கள். 605 என்று தொடங்கினால் புதுச்சேரி என்று பலர் நினைக்கிறார்கள். வானூர் வட்டத்தில் இருக்கிற ஆரோவில்லுக்கு 605101. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கோ கடலூர் வரிசையில் 607402. அஞ்சல்காரர்கள் தங்கள் வசதிக்குப் போட்ட எண் அது, மாநில எல்லையைப் பார்த்துப் போட்டதல்ல.

வீட்டுக்காரரிடம் கரண்ட் பில்லைக் கேளுங்கள். தமிழ்நாடு மின்வாரியத்தின் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும், முதல் 100 யூனிட் இலவசம் என்று கழித்திருக்கும். புதுச்சேரி மின்துறை மாதாமாதம் பில் போடும். பில்லின் தலைப்பைப் பார்த்தாலே போதும். கூடவே வீட்டு வரி ரசீதையும் பாருங்கள், புதுச்சேரி என்றால் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து என்று இருக்கும். இந்த இரண்டையும் காட்டத் தயங்குகிற வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம் குடியிருப்புச் சான்று. புதுச்சேரியில் அதற்கு ஐந்து ஆண்டு தொடர்ச்சியாகக் குடியிருந்திருக்க வேண்டும். சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு வழியாகக் கல்லூரியில் புதுச்சேரி ஒதுக்கீட்டில் இடம் கேட்பவர்களுக்கு இந்தச் சான்று கட்டாயம். இன்றைக்கு வந்து இறங்குகிற உங்களுக்கு இதை ஒருவர் "வாங்கித் தருகிறேன்" என்றால் பொய்ச் சான்று வாங்கித் தருகிறார் என்றுதான் அர்த்தம். பல வருஷம் கழித்து மாட்டிக்கொள்ளப் போவது அவரல்ல, உங்கள் பிள்ளை. மகளுக்கு நான்கு வயதுதான், ஐந்து வருஷம் தானாக ஓடிவிடும். அதுவரை வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், பள்ளி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருஷம் இருந்தீர்களா என்று நாளைக்குக் கேட்கும்போது காகிதத்தைத்தான் கேட்பார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு உங்களைத் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு மாநிலம் என்று மக்களை வாழவிட்டுவிட்டு, கவுண்டரில் போய் நின்றால் "அது எங்க ஏரியா இல்லை" என்று திருப்பி அனுப்புவது இத்தனை வருஷமாகியும் மாறவில்லை.

ஆதாரில் முகவரி மாற்றப் புரோக்கர் எதற்கு? கட்டணம் நூறு ரூபாய்க்கு உள்ளேதான். முதலில் கணவர் மாற்றட்டும், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருந்தால் சுலபம். அவரைக் குடும்பத் தலைவராக வைத்து நீங்களும் பிள்ளைகளும் தனி முகவரிச் சான்று இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். மகளுக்கு ஐந்து வயது முடிந்ததும் கைரேகை, கருவிழிப் பதிவு செய்தாக வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

ரேஷன் கார்டில்தான் அவசரப்படக் கூடாது. தமிழ்நாட்டு அட்டையை ஒப்படைத்துச் சான்று வாங்கினால்தான் புதுச்சேரியில் புது அட்டை. ஒப்படைத்த அன்றே தமிழ்நாட்டுப் பக்கம் அந்த அட்டையை நம்பி இருப்பதெல்லாம் போய்விடும்: மகளிர் உரிமைத்தொகை வாங்குபவராக இருந்தால் அந்த மாதம் 1000 ரூபாய், முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு, எல்லாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நடுவில் ஒரு காப்பீடும் இல்லாமல் நிற்கக் கூடாது. கணவரின் கம்பெனியில் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டுவிட்டு, வேலையும் நிரந்தரமான பிறகு ஒப்படையுங்கள். இரண்டு மாநிலத்திலும் இரண்டு அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது குற்றம்.

வீடு தமிழ்நாட்டுப் பக்கம் என்று தெரிந்தால் உடனே விட்டுவிட வேண்டுமா என்றால், இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் கடலூருக்கே திரும்பிவிடுவோம் என்று இருந்தால் பட்டானூர்தான் உங்களுக்கு நல்லது. ரேஷன் அட்டையை ஒப்படைக்க வேண்டாம், அதே அட்டையில் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். காப்பீடு தொடரும். 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. இதைச் சொல்லியே ஒரு லட்சத்தைக் குறைக்கப் பேசலாம். பைக்குக்கும் தொல்லை இல்லை. புதுச்சேரியிலேயே வைத்து ஓட்டினால் 12 மாதத்துக்கு மேல் போகும்போது, கடலூர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கிப் புதுச்சேரி எண்ணுக்கு மாற்ற வேண்டியிருக்கும். பட்டானூரில் இருந்தால் முகவரி மாற்றத்தோடு போகும். பள்ளியைத்தான் யோசித்துக்கொள்ளுங்கள்: புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், பட்டானூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நடுவில் மாறினால் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

அட்வான்ஸ் எவ்வளவானாலும் வீட்டுக்காரர் பெயரில் வங்கி வழியாகவே அனுப்புங்கள். புரோக்கர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாய்கூட வேண்டாம். சாவி கைக்கு வந்த பிறகு அவருடைய கமிஷனைக் கொடுத்தால் போதும்.

குட்டிப் பையனுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வருகிறது, அது வீடு மாறுகிற குழப்பத்தில்தான் விழும். ஆதார் மாறவில்லை, கார்டு மாறவில்லை என்று காத்திருக்க வேண்டாம். தாய்சேய் அட்டையை லாரியில் ஏற்றாமல் உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எந்த மாநில ஆரம்ப சுகாதார நிலையமானாலும் போட்டுவிடுவார்கள்.