மச்சான் என்கிற முறை

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நீங்கள் அவ்வப்போது கால்பந்து பற்றி எழுதுவதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. நாங்கள் பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த 11 பேர். ஏழு வருடமாக ஃபேன்டஸி பிரீமியர் லீக் என்கிற இணையக் கால்பந்து ஆட்டத்தில் எங்களுக்குள் ஒரு மினி லீக் நடத்துகிறோம். நான்தான் அட்மின். கோவை, சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். சீசன் முடிவில் கடைசி இடம் வருபவன் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

எங்களில் ஒருவன் தொடர்ந்து இரண்டு சீசன் சாம்பியன். இரண்டு முறையும் நான் இரண்டாம் இடம். போன சீசனில், 2024 டிசம்பரிலிருந்து அவன் சரியத் தொடங்கினான். காயம்பட்ட ஆட்களைக்கூட மாற்றவில்லை. ஜனவரியில் கடைசி இடத்துக்கு வந்தான். அன்றைக்கு அவன் படத்தை வைத்து, 'முன்னாள் மன்னர், இந்நாள் பிரியாணி மாஸ்டர்' என்று நான் ஒரு மீம் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் காலை பார்த்தால் குரூப்பைவிட்டுப் போயிருந்தான். அதற்கும் சேர்த்து ஓட்டினோம். மார்ச்சில்தான் தெரிந்தது: நவம்பரிலேயே அவனுக்கு வேலை போயிருக்கிறது. பெங்களூரு வீட்டைக் காலி செய்துவிட்டு ஈரோட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் தொடாமல் விட்ட அணி, லிவர்பூலின் சலாவைக் கேப்டனாக வைத்துக்கொண்டு, தானாகவே ஏறி ஆறாவது இடத்தில் முடிந்தது. வாராவாரம் அந்தப் பெயர் மேலே வருவதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது.

புது சீசன் வரப்போகிறது. லீக்கையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். லீக்கில் மறுபடி சேர்வதற்கான லீக் கோடு (code) அவனுக்கு அனுப்பலாமா, அனுப்பினால் தப்பாக எடுத்துக்கொள்வானா? முப்பத்தைந்து வயதில் இதற்குப் போய் இப்படி மோதிக்கொள்வார்களா என்று மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

லீக்கை நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடுகிற வீரர்களில் 15 பேரை நாம் வாங்குகிறோம். கையில் 10 கோடி பவுண்டு, எல்லாம் கணக்குப் பணம். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. அவர்கள் மைதானத்தில் அடிக்கும் கோலுக்கும், கோலுக்குக் கொடுக்கும் பாஸுக்கும், கோல் விடாமல் காப்பதற்கும் நமக்கு பாயிண்ட். கேப்டனாக வைத்த ஆளின் பாயிண்ட் இரட்டிப்பாகும். 2002-இல் தொடங்கிய இதை இன்று 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இலவசமாக ஆடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நண்பர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் சின்னப் பட்டியல்தான் மினி லீக்.

அந்தச் சின்னப் பட்டியல்தான் ஆட்டமே. 2019 டிசம்பரில் மேக்னஸ் கார்ல்சன் உலகப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். 2013-இல் சென்னையில் ஆனந்தை வென்று செஸ் உலக சாம்பியன் ஆனாரே, அவரேதான். பத்திரிகைகளில் எல்லாம் செய்தி. எங்கள் குரூப்பில் அதற்கு இரண்டு மெசேஜ் வந்தது. அதே வாரம் எங்களில் ஒருவன் இன்னொருவனை ஒரே ஒரு பாயிண்டில் தாண்டியதற்கு நடுராத்திரி வரை பேச்சு ஓயவில்லை. கார்ல்சனோடு நமக்கு என்ன பகை? நமக்கு மேலே ஒரு படியில் உட்கார்ந்திருப்பவன்மீதுதான் நம் கண் இருக்கும்.

எங்கள் லீக்கில் 9 பேர். அதில் மதுரைக்காரன் ஒருவனும் நானும் பல வருடமாக மாறி மாறி ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருக்கிறோம். 2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை. அணியை மாற்ற மதியம் மூன்றரைக்கு டெட்லைன். வாரம் முழுக்க செல்சி அணியின் பால்மரைத்தான் கேப்டனாக வைத்திருந்தேன். மூன்று இருபதுக்கு மனசு கேட்கவில்லை. மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் முதல் ஐந்து ஆட்டத்தில் 10 கோல் அடித்திருக்கிறார், அவரை விடலாமா என்று கேப்டன் பட்டையை அவர் கைக்கு மாற்றிவிட்டேன். மான்செஸ்டர் சிட்டி நியூகாசிலோடு ஒன்றுக்கு ஒன்று. ஹாலண்டுக்குக் கோல் இல்லை. பிரைட்டனுக்கு எதிராக பால்மர் இடைவேளைக்குள் நான்கு கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் முதல் பாதியிலேயே நான்கு கோல் அடித்த முதல் ஆள் அவர்தான். கோலுக்கு மட்டும் 20 பாயிண்ட். அவரையே கேப்டனாக வைத்திருந்த மதுரைக்காரனுக்கு 40.

நான்காவது கோல் விழுந்த கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து போன். நான்கு மாதமாக நாங்கள் பேசியிருக்கவில்லை. எடுத்ததும் ஒரே கேள்விதான் கேட்டான்: "சாப்பிட்டியா மச்சான்?" ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் "சாப்பிட்டேன்டா" என்றேன். அதன் பிறகு முக்கால் மணி நேரம் பேசினோம். அவன் மகளுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அவன் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் தேதி குறித்திருக்கிறார்கள். அவன் என்னை ஜெயித்திருக்காவிட்டால் இது எதுவும் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்காது.

அந்த 'மச்சான்' என்ற சொல்லிடம் வருகிறேன். நீங்கள் 11 பேரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். நாம் நண்பனை அண்ணன் என்றோ சித்தப்பா என்றோ அழைக்காமல் மச்சான் என்று அழைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்டவர் மேல் ஊற்றிவிட முடியாது. மாமன், மச்சான், கொழுந்தன், மதினி என்று முறை உள்ளவர்கள் மேல்தான் ஊற்றலாம். அண்ணன் தம்பி மேல் ஊற்ற மாட்டார்கள். கேலி பேசவும் அதே முறைதான். மச்சானை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதே மச்சான்தான் வீட்டில் ஒன்று என்றால் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவன்.

சின்ன வயதில் நான் பார்த்த இன்னொன்று. மஞ்சள் தண்ணீரோடு தெருவில் ஓடிவருகிற கூட்டம், அந்த வருடம் சாவு விழுந்த வீட்டுக்கு முன்னால் வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். குடத்தை இடுப்புக்கு இறக்கிவிடுவார்கள். அந்த வீட்டு ஆள் முறைக்காரனாகவே எதிரில் வந்தாலும் அவன் மேல் ஒரு சொட்டு விழாது. யாரும் நின்று சொல்லிக்கொடுத்ததில்லை. எந்த வீடு என்று ஊருக்கே தெரியும்.

உங்களுக்கு எந்த வீடு என்று தெரியவில்லை. நடந்தது அதுதான் எஸ். நீங்கள் கெட்ட எண்ணத்தில் போட்ட மீம் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போயிற்று என்றும் சொல்ல முடியாது. டெட்லைன் முடிந்த பிறகு யார் அணியை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், கடைசியாக எந்த வாரம் ஆள் மாற்றினார் என்பதுவரை. இரண்டு முறை சாம்பியன் ஆன ஒருவர், காயம்பட்டவனை வாரக்கணக்கில் அணியில் வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு ஆட்டம் மறந்துபோகவில்லை. ஆப்பைத் திறக்க மனம் இல்லாமல் இருந்திருக்கிறார். அவரை முந்தத் துடித்த நீங்கள்தான் அவர் அணியை எல்லாரையும்விட உன்னிப்பாகப் பார்த்திருப்பீர்கள். பாயிண்டைப் பார்த்தீர்கள், ஆளைப் பார்க்கவில்லை.

எங்களுக்கும் ஒரு வருடம் இப்படி நடந்தது. எங்களில் ஒருவன் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான், நாங்கள் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் யாராவது அணியைத் தொடவில்லை என்றால், பட்டியலில் அவனுக்கு நேர் மேலே இருப்பவன் போன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் கணக்கில் வராது, குரலைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் "ஆடிட்டிங் வேலைடா, மறந்துட்டேன்" என்பதுதான் பதிலாக இருக்கும். இரண்டு முறை வேறு பதில் வந்திருக்கிறது.

ஓட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டுவதில் சுகமான வகை ஒன்று இருக்கிறது. போன சீசன் தொடக்கத்தில் எங்களில் ஒருவன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வுட்டை 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கினான். முப்பதைக் கடந்த நியூசிலாந்துக்காரர். "பென்ஷன் வாங்குகிற வயசில் ஃபார்வர்டா?" என்று வாரக்கணக்கில் கேட்டோம். வுட் அந்த சீசனில் 20 கோல் அடித்தார். ஒவ்வொரு கோலுக்கும் அவன், "பென்ஷன் வந்துடுச்சு" என்று மட்டும் குரூப்பில் போடுவான். நாங்கள் கலாய்த்தது அவன் எடுத்த முடிவை. அதற்கு அவன் கையில் பதில் இருந்தது. உங்கள் மீமில் இருந்தது உங்கள் நண்பருடைய முகம். அதற்கு அவர் என்ன பதில் போட முடியும்?

அப்புறம் அந்தப் பிரியாணி. வேலை இல்லாத ஒருவர் கடைசி இடத்தில் நின்றுகொண்டு, 11 பேருக்குப் பிரியாணி என்று கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். பெரிய தொகை இல்லை என்று நமக்குத் தோன்றலாம். சம்பளம் நின்ற வீட்டில் அது பெரிய தொகைதான். இந்தச் சீசனிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். எங்கள் லீக்கில், கடைசி ஆளின் அடுத்த சீசன் அணிப் பெயரை சாம்பியன் வைப்பான். வருடம் முழுக்க அந்தப் பெயரோடு ஆட வேண்டும். பைசா செலவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஃபேன்டஸி ஆட்டத்தின் கதையே வேலையும் பொறுப்பும் உள்ள பெரியவர்களிடமிருந்து வருவதுதான். 1962-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 14 ஆட்டத்தில் ஒன்றை மட்டும் ஜெயித்தது. அவர்கள் ஆட்டமே வேறு, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், ஒரு பத்திரிகையாளர், அணியின் மக்கள் தொடர்பு அதிகாரி ஆகியோர் அந்தச் சீசனின் வெளியூர்ப் பயணத்தில் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து இதற்கு விதி எழுதினார்கள். அடுத்த ஆண்டு விங்கன்பாக்கின் வீட்டில் கூடி வீரர்களைப் பங்கு பிரித்து முதல் லீக்கைத் தொடங்கினார்கள். சொந்த அணி வாராவாரம் தோற்கிறபோது, நண்பனையாவது ஜெயிக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். ஆட உடம்பு ஒத்துழைக்காத வயதில் நண்பர்களோடு மோதிப்பார்க்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கல்லூரி மைதானத்தில் நீங்கள் 11 பேரும் மோதியதன் மிச்சம்தான் இது என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

அந்த அணி ஆறாவது இடத்துக்கு ஏறியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் மர்மம் எதுவும் இல்லை. அந்தச் சீசனில் சலா எடுத்தது 344 பாயிண்ட், இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே ஒருவர் ஒரு சீசனில் எடுத்த அதிகபட்சம். 29 கோல், அதற்குமேல் 18 அசிஸ்ட், அதாவது கோலுக்குக் கொடுத்த பாஸ். முதல் வாரத்திலிருந்து அவரைக் கேப்டனாக வைத்துவிட்டுத் தொடாமல் இருந்திருந்தால் அவர் ஒருவரிடமிருந்தே 688 வந்திருக்கும். நீங்கள் எல்லாம் வாரம் தவறாமல் ஆள் மாற்றி, கூடுதலாக மாற்றிய ஒவ்வொரு ஆளுக்கும் 4 பாயிண்டை இழந்துகொண்டிருந்தபோது, உங்கள் நண்பர் ஆகஸ்டில் நன்றாக யோசித்து வாங்கி வைத்த ஆட்கள் அவருக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். இதை அவரிடம் சொல்லுங்கள். வேலை போய், தன் கணிப்பு எல்லாமே தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, நீ விட்டுவிட்டுப் போன அணியே எங்களில் ஐந்து பேரைத் தாண்டிவிட்டது என்று அவரோடு போட்டி போட்ட நீங்களே சொல்வது நல்ல சேதியாக இருக்கும்.

லீக் கோடு அனுப்ப வேண்டாம். மெசேஜில் மன்னிப்பும் கேட்க வேண்டாம். நேரில் போங்கள். வேலை பற்றி முதலில் கேளுங்கள், அதிகம் கேளுங்கள். 'அந்த மீம் நான் போட்டது, தப்பு' என்று ஒரு தடவை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிவரும். உங்கள் 11 பேரில் யாருடைய கம்பெனியிலாவது ஆள் எடுக்கிறார்களா என்று கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் முறையில் அதுவும் சேர்த்திதான்.

சீசன் 2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. முதல் ஆட்டம் லிவர்பூலும் போர்ன்மவுத்தும். நம் நேரப்படி இரவு 11 மணிக்கு டெட்லைன். அன்று உங்களுக்கும் விடுமுறை. கோவையிலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. காலை வண்டியிலேயே ஏறிவிடுங்கள், மதியச் சாப்பாடு அவர் வீட்டில் இருக்கட்டும். சலாவை இந்த வருடமும் வைத்திருக்கிறாயா என்று அவராகக் கேட்டால், போனை எடுத்து உங்கள் அணியைக் காட்டுங்கள்.

அன்புடன்