ஹாக்கிங்கோடு நின்றுபோன குழு

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் அறிவியல் படித்தவர்கள் குறைவு. ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'காலம்' பற்றிய நூலை எடுத்தோம், மூன்றாவது கூட்டத்திலேயே ஆள் குறைந்துவிட்டது. அடுத்து எதை எடுக்கலாம்?

பதில்: 1988-இல் வந்த அந்த நூலில் ஒரே ஒரு சமன்பாடுதான் இருக்கிறது, அதை நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள், ஆனால் 'கற்பனைக் காலம்' என்ற கணிதக் கருத்து வரும் இடத்தில் பலர் மூடி வைத்துவிடுவார்கள். குழுவுக்குத் தேவை சண்டை போட இடமுள்ள புத்தகம். ரெபெக்கா ஸ்க்லூட் ஹென்ரியேட்டா லாக்ஸைப் பற்றி எழுதியதை எடுங்கள். 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற கறுப்பினப் பெண் லாக்ஸ். அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் இன்னும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன, போலியோ தடுப்பூசிச் சோதனைக்கே உதவின, குடும்பத்துக்கோ பல வருடம் விஷயமே தெரியாது. அந்த செல்கள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள், வாயே திறக்காதவரும் பேசுவார்.

அப்புறம் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்'. 1962 நூல், டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளைப் பற்றியது. பழசுதான், அதனால் பிறகு என்ன நடந்தது என்று ஒருவர் தேடி வந்து சொல்லட்டும். தடிமனான புத்தகம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.